கிரௌன் பினியனும் என் கையெழுத்தும்

முப்பத்து மூன்று வயதுக்காரி தன்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பு வரும்தான். ஆனால் நான் ஒன்பது வருடம் பார்த்த வேலை இப்போது இல்லை. பந்தயக் கார் அணி ஒன்றில் கியர்பாக்ஸ் மெக்கானிக்காக இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் பந்தயப் பிரிவில் விதியை மாற்றினார்கள். இனி எந்த அணியும் கியர்பாக்ஸைத் திறக்கக் கூடாது. செய்கிற இடத்திலேயே மூடி, முத்திரை வைத்து அனுப்புவார்கள். வருகிறபடி மாட்டி ஓட்ட வேண்டியதுதான். முத்திரை வைத்த பெட்டிக்குக் காவல் நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது சங்கரன்கோவிலில், திருநெல்வேலி ரோட்டில் என் பெயரில் ஒரு பட்டறை இருக்கிறது. குருவிகுளம், பனவடலிசத்திரம் பக்கத்து டிராக்டர்களும் லோடு வண்டிகளும் வந்து நிற்கின்றன.

சென்ற மாதம் நான் படித்த பாலிடெக்னிக்கிலிருந்து மூன்று மாணவிகள் வந்தார்கள். கல்லூரி மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். "ரேஸ் கார்ல ஃபைனல் டிரைவுன்னா என்னன்னு எழுதுங்கக்கா. ஆனா எங்க புஸ்தகம் மாதிரி எழுதிராதீங்க" என்றாள் ஒருத்தி. இனி அந்தப் பெட்டியை யாரும் திறக்கப்போவதில்லை என்பதால், உள்ளே என்ன இருந்தது என்றாவது எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் அவள் கேட்டதற்குப் பதில்.

என்ஜின் மிக வேகமாகச் சுற்றும். சக்கரம் அவ்வளவு வேகத்தில் சுற்ற முடியாது, சுற்றினால் காரை இழுக்கும் வலுவும் இருக்காது. அதனால் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்ட வேண்டும். அதைக் கியர்கள் ஒரு முறை செய்கின்றன. கடைசியாக இன்னொரு முறை செய்வது ஃபைனல் டிரைவ். அதில் இரண்டே உறுப்புகள். பினியன் என்ற சிறிய பல்சக்கரம் கைமுட்டி அளவு இருக்கும். கிரௌன் என்ற பெரியது சாப்பாட்டுத் தட்டு அளவு. பினியன் சுற்றிக் கிரௌனைத் தள்ளும். கிரௌன் இரண்டு சக்கரங்களையும் சுழற்றும். பினியனில் ஒன்பது பல், கிரௌனில் முப்பத்தொன்று என்றால், பினியன் மூன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

சாலையில் ஓடும் காருக்கு, அதைச் செய்கிற கம்பெனி இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுவிடும். வண்டியின் ஆயுளுக்கும் அதுதான். பந்தயக் காருக்கு அப்படி இல்லை. ஒரு டிராக்கில் நேர்ப்பாதை நீளமாக இருக்கும், இன்னொன்றில் வளைவுகள் அதிகமாக இருக்கும். சைக்கிளில் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைச் சிறிதாக்கினால் மேட்டில் சுகமாக ஏறும், இறக்கத்தில் கால் வெறுமனே சுற்றும். அதே கதைதான். ஒன்பது பல் பினியன் போட்டால் வளைவிலிருந்து கார் பாய்ந்து கிளம்பும், உச்ச வேகம் குறையும். பத்துப் பல் போட்டால் உச்ச வேகம் கூடும், கிளம்புவது மந்தமாகும். வித்தியாசம் ஒரே ஒரு பல்தான். அதற்காக ஒரு மாலை முழுவதும் வேலை பார்ப்போம்.

எதைப் போடுவது என்பதற்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. டிராக்கின் மிக நீளமான நேர்ப்பாதை முடிந்து ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும் இடத்தில், என்ஜின் தன் உச்சச் சுற்றைத் தொட்டிருக்க வேண்டும். அதற்கு முன்பே தொட்டால் மீதித் தூரம் முழுக்கக் கத்திக்கொண்டே வரும், வேகம் கூடாது. தொடவே இல்லை என்றால் கடைசிக் கியரைச் சும்மா சுமந்துகொண்டு வந்ததாக அர்த்தம்.

முப்பது என்று ரவுண்டாக வைக்காமல் ஏன் முப்பத்தொன்று என்று நான் ஒரு காலத்தில் யோசித்ததுண்டு. முப்பத்தொன்றை ஒன்பதும் வகுக்காது, பத்தும் வகுக்காது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌனின் முப்பத்தொரு பற்களையும் சந்தித்த பிறகே முதல் பல்லிடம் திரும்பி வரும். இரண்டு பற்கள் மட்டும் ஒன்றையொன்று அரைத்துத் தேய்வது நடக்காது. எல்லாம் சமமாகத் தேயும். இதை யோசித்தவர் யாரோ, அவர் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

இனி நான் எப்படி அங்கே போனேன் என்பது.

என் ஊர் குருவிகுளத்துக்கு அந்தப்பக்கம். அப்பா வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது, சத்தமாகவே சொல்லுவேன். என் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தில் எப்போதும் ஊதா மை ரேகைதான் இருக்கும். எங்கள் குடும்பத்தில் ஒரு தாளில் பேனாவால் முதலில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

டிப்ளமோ முடித்துக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் இருந்தேன். லாரி அச்சுக்கான கிரௌன் பினியன் செய்யும் இடம். நான் பரிசோதனைப் பிரிவு. ஜோடி ஜோடியாகக் கண்முன் உருண்டுகொண்டே இருக்கும், பல்லில் விழும் தடத்தைப் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரிப்பேன். வேலையைப் பற்றிச் சொன்னபோது அப்பா போனில் சிரித்தார். "நாங்க ஆட்டுக்குப் பல்லப் பாத்து வயசு சொல்லுதோம். நீயும் பல்லுதான் பாக்குதியாட்டி? இதுக்கா இத்தன படிப்பு?" என்றார். அந்தப் பிரிவில் நான் கெட்டிக்காரி என்று பெயரெடுத்திருந்தேன். அந்தப் பெயரோடுதான் பந்தய அணிக்குப் போனேன்.

அங்கே தலைமை மெக்கானிக் திவான் மைதீன். கடையநல்லூர்க்காரர். வளைகுடா நாட்டில் பந்தயப் பட்டறையில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் நாள் என்னைப் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன். "அப்பம் நம்ம பக்கத்து ஊரு பிள்ள. சரி, காதுல கிடக்கத கழட்டி டப்பாவுல போடு" என்றார்.

பெட்டிக்குள் எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று, அவர் கியர்பாக்ஸைத் தொடுமுன் கைக்கடிகாரம், மோதிரம், சட்டைப்பையில் உள்ள பேனா, சில்லறை எல்லாவற்றையும் எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார். அருகில் நிற்கிற எல்லோரும் போட வேண்டும். அணியின் முதலாளி வந்து எட்டிப் பார்த்தாலும் அவர் முகத்துக்கு நேரே டப்பா நீளும். முதலாளி பழைய பந்தய ஓட்டுநர், விஷயம் தெரிந்தவர். கண்ணாடியைக் கழற்றிப் போடுவார்.

திவான் அண்ணாச்சி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். அவசரம் என்பது அவர் கையில் இருக்காது. பினியனை பியரிங்கில் உட்கார வைத்து இறுக்கும்போது, எவ்வளவு இறுக்கமாகச் சுற்றுகிறது என்று அளக்கக் கருவி இருக்கிறது. அவர் முதலில் இரண்டு விரலால் சுற்றிப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லுவார். அப்புறம் கருவியை வைப்பார். முள் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நான் அசந்துபோய்ப் பார்த்தால், "கருவி பொய் சொல்லுதான்னு பாக்கத்தான் விரலு" என்பார்.

கிரௌனையும் பினியனையும் பெட்டிக்குள் வைப்பதுதான் எங்கள் தொழிலின் உச்சம். இரண்டையும் செய்யும்போதே ஒன்றோடு ஒன்று உரசவிட்டு முடிக்கிறார்கள். அதனால் பிறவி ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும், ஜோடி மாற்றவே கூடாது. பினியனின் முதுகில் தாள் போன்ற மெல்லிய எஃகு வளையம் வைப்போம், அதற்கு ஷிம் என்று பெயர். ஷிம்மைக் கூட்டினால், குறைத்தால் பினியன் முன்னே வரும், பின்னே போகும். தலைமயிர் கனம் மாறினாலும் பல் பொருந்துவது மாறிவிடும். சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பல்லில் நீலப் பசை தடவி, ஒரு கையால் கிரௌனைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் பினியனைச் சுற்றுவோம். பல் பல்லைத் தொட்ட இடத்தில் பசை விலகி ஒரு தடம் விழும். புளியங்கொட்டை அளவில், பல்லின் நடுவிலிருந்து உள்முனையை, அதாவது கிரௌனின் மையத்தை ஒட்டிய முனையை, நோக்கி ஒரு பொடி தள்ளி அது விழ வேண்டும். காரணம், என்ஜின் முழு வலுவோடு தள்ளும்போது எல்லா உறுப்பும் கொஞ்சம் வளையும், தடம் வெளிமுனையை நோக்கி நகரும். சும்மா நிற்கும்போது நடுவிலேயே வைத்தால் ஓடும்போது விளிம்புக்குப் போய்விடும். விளிம்பு தாங்காது, பல் உடைந்துவிடும்.

தடம் சரியானதும் அதன்மேல் ஒட்டு டேப்பை அழுத்தி உரித்தால் நீலத் தடம் அப்படியே டேப்பில் வந்துவிடும். அதை ஒரு நோட்டில் ஒட்டி, பல்லின் உள்முனை எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி போட்டு, கீழே இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டியை மூடியவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். கையெழுத்து இல்லாத பெட்டி காரில் ஏறாது. இது திவான் அண்ணாச்சி கொண்டுவந்த வழக்கம். நான் சேர்ந்தபோது கையெழுத்து உரிமை அணியில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் அவர். இன்னொருவன் எங்கள் இன்னொரு காரைப் பார்த்துக்கொண்ட ஜெபராஜ். நாசரேத்துப் பக்கத்து ஆள், என்னைவிட ஒரு வயது இளையவன், ஆனால் சிறுவயதிலேயே பட்டறைக்கு வந்தவன், வாய் மட்டும் நீளம்.

இரண்டு வருடம் நான் கழுவினேன், துடைத்தேன், எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது வருடம், ஒரு பந்தயத்தின் சனிக்கிழமை மாலையில் எனக்கு அந்த உரிமை வந்தது.

அன்று தகுதிச் சுற்றில் எங்கள் ஓட்டுநர் அரவிந்த் மூன்றாவது இடம் பிடித்திருந்தான். பத்துப் பல் பினியன் போட்டிருந்தோம். இறங்கி வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "அண்ணா, சிக்ஸ்த் கியர் சும்மா பேருக்குத்தான் இருக்கு. ரெட் லைன் பக்கமே போகல" என்றான். திவான் அண்ணாச்சி கொஞ்ச நேரம் கணினியில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஒம்பதப் போடுவோம்" என்றார். ஒன்பது பல் ஜோடி புதிது. இந்தப் பெட்டிக்குள் முன்பு போனதில்லை. ஷிம் எல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். டப்பாவில் கடிகாரத்தைப் போடப் போனவர், போடாமல் திரும்பக் கையில் கட்டிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றார்.

"கனி, நீ மூடு. நான் பாக்குதேன்."

என் பெயர் மாரிக்கனி. ஜெபராஜ் கேட்டுக்கொண்டே நின்றான். "யக்கா, கையெழுத்த இப்பமே எழுதிப் பழகிக்கோங்க. நோட்டுல கோணலாப் போட்டா அண்ணாச்சி அடிச்சிருவாரு" என்றான்.

மூன்று முறை ஷிம் மாற்றினேன். மூன்றாவது முறை பசை தடவிச் சுற்றியபோது, புத்தகத்தில் அச்சடித்த மாதிரி தடம் விழுந்தது. நடுவிலிருந்து உள்முனைப் பக்கம் ஒரு பொடி. டேப்பில் எடுத்து ஒட்டினேன், அம்பு போட்டேன், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திவான் அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தடத்தைப் பார்த்தார். "லட்சணமா இருக்கு" என்று சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே பெட்டி காரில் ஏறிவிட்டது.

மறுநாள் காலை எட்டேகால் மணிக்கு, ஊற்றிய எண்ணெயின் அளவை எழுத நோட்டை எடுத்தேன். எண்ணெயின் பெயரைப் பழைய பக்கத்தைப் பார்த்து எழுதலாம் என்று பின்னால் புரட்டினேன். பழைய பக்கத்தில் அம்பு இடதுபுறம் காட்டியது. அதற்கு முந்தைய பக்கம், இடது. அதற்கும் முந்தையது, இடது. என் பக்கத்தில் மட்டும் வலதுபுறம் காட்டியது.

கிரௌனின் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகம் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் தள்ளுவது ஒரு முகத்தை. காலை எடுத்து விடும்போது தொடுவது மறுமுகத்தை. ஒரு முகத்தை நேராகப் பார்த்தால் பல்லின் உள்முனை இடப்பக்கம் இருக்கும், மறுமுகத்தில் வலப்பக்கம். உழைக்கிற முகம் முதலாவதுதான், நாங்கள் டேப் எடுப்பதும் அதில்தான். லாரி அச்சில் அது புறம் வளைந்த முகம். லாரியில் பினியன் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கும், எங்கள் பந்தயப் பெட்டியில் அச்சுக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி இருக்கும். அதனால் தள்ளுவது உள்வளைந்த முகத்தை. இது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு வருடமாக அருகில் நின்று பார்த்தது. ஆனால் முதன்முதலில் தனியாகக் குனிந்தபோது கண் தொழிற்சாலைப் பழக்கத்துக்குப் போய்விட்டது. மூன்று வருடம் பார்த்துப் பழகிய முகத்தையே பார்த்தேன். அதில் தடம் அழகாக விழும்வரை ஷிம் மாற்றினேன். அண்ணாச்சி தடத்தைப் பார்த்தார், அம்பைப் பார்க்கவில்லை. இதில் மோசம் என்னவென்றால், பினியன் இடம் தவறி நின்றால் ஒரு முகத்தில் தடம் உள்ளே வரும், மறுமுகத்தில் வெளியே ஓடும். ஒன்று அத்தனை அழகாக இருந்ததென்றால் மற்றது எப்படி இருக்கும்?

நோட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். பந்தயப் பெட்டிகள் உடைவது ஊரறிந்த விஷயம். உடைந்தால் எண்ணெய்க்குள் பல்துண்டு கிடக்கும், எந்த முகத்தில் தடம் எங்கே விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உடையாமலும் போகலாம். சொன்னால், நேற்று வந்த கையெழுத்து இன்று போய்விடும். அந்த வேலையில் அதற்கு முன் ஒரு பெண் கையெழுத்துப் போட்டதில்லை. இனி வருகிறவளுக்கும் சேர்த்துப் போய்விடும் என்றுகூட நினைத்தேன். இன்னொரு பக்கம், அந்தக் காரில் உட்காரப்போகிறவன் அரவிந்த். நேர்ப்பாதையின் நடுவில் பல் உடைந்து பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

திவான் அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பெட்டியத் திறக்கணும்."

"எந்தப் பெட்டிய?"

"நம்ம பெட்டிய. நான் முகத்த மாத்திப் பாத்துட்டேன்."

அவர் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். என் பக்கத்தைப் பார்த்தார், பின்னால் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, "இங்கனயும் ரெண்டு இருந்துச்சே" என்றார். அவ்வளவுதான். கத்துவார் என்று நினைத்து நின்றேன்.

"ரேஸ் எத்தன மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

"இப்பம்?"

"எட்டு இருவது."

"அப்பம் நின்னு என்னத்தப் பாக்குத? ஜாக்கி எங்க?"

காரைத் தூக்கினோம். ஜெபராஜ் ஓடி வந்தான். "என்ன யக்கா, முதல் கையெழுத்தே தலைகீழா?" என்றான். திவான் அண்ணாச்சி திரும்பாமலே, "வே ஜெபராஜு, அந்த வாய வச்சுப் போல்ட்டக் கழட்ட முடியும்னா இங்கன வா. இல்லன்னா ஸ்பேனர எடு" என்றார். எடுத்தான். அதற்கப்புறம் என்னைவிட வேகமாக வேலை செய்தான். அதை இன்றுவரை மறக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் காலைப் பயிற்சி ஓட்டம். எங்கள் கார் போகவில்லை என்றதும் முதலாளி வந்துவிட்டார். பின்பாகம் பிரிந்து கிடந்ததைப் பார்த்து அவர் முகம் சிவந்தது. "மூணாவது இடத்துல நிக்கிற கார். யார் மூடுனது இத?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் திவான் அண்ணாச்சி பிஸ்கட் டப்பாவை அவர் பக்கம் நீட்டினார். "நோட்டுல ரெண்டு பேரு இருக்கு சார். ரெண்டும் வாசிக்கிற மாதிரிதான் இருக்கு. கண்ணாடியப் போட்டுட்டு உள்ள வாங்க."

முதலாளி நோட்டை எடுத்து வாசித்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி டப்பாவில் போட்டார்.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒன்பது பல் ஜோடியையே சரிசெய்வதென்றால், பசை தடவி, பார்த்து, பிரித்து, ஷிம் மாற்றி, மறுபடி. ஒவ்வொரு சுற்றும் ஒரு மணி நேரம். இரண்டு சுற்றில் அமையலாம், நான்கும் ஆகலாம். பழைய பத்துப் பல் ஜோடி என்றால், அதற்கான ஷிம்கள் கம்பியில் கோத்து அதனோடே கட்டி வைத்திருந்தன. போட்டு ஒரு முறை தடம் பார்த்தால் போதும். ஆனால் கணக்குத் தவறு. ஆறாவது கியர் மறுபடி பேருக்குத்தான் இருக்கும்.

"சரியான கணக்கு, சந்தேகப் பெட்டி. தப்பான கணக்கு, சந்தேகமில்லாத பெட்டி" என்றார் அண்ணாச்சி. "கனி, உனக்கு எது?"

என்னைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். சக்கரத்துக்குப் போய்ச் சேருவது கியரின் கணக்கும் ஃபைனல் டிரைவின் கணக்கும் பெருக்கியதுதான். ஒன்றில் குறைந்ததை மற்றதில் ஈடுசெய்யலாம். வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் கியரைக் குட்டை என்போம். தனித்தனிக் கியர்களைப் பெட்டியின் பின்மூடியைத் திறந்து மாற்றிவிடலாம், அதற்கு நேரம் ஆகாது. ஆறு கியர்களுக்கும் மாற்று இருந்தால் அப்படியே சரிக்கட்டியிருக்கலாம். எங்கள் உதிரிப்பெட்டியில் நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்றுக்குத்தான் பொருந்தும் ஜோடி இருந்தது.

"பத்தப் போடுவோம் அண்ணாச்சி. மேல மூணு கியரையும் குட்டையாக்குவோம். நேர்ப்பாதையில நேத்து வேணும்னு நினைச்சது கிடைச்சிரும். கீழ மூணும் மந்தமாத்தான் இருக்கும். கிளம்பும்போது அடி வாங்குவோம்."

அவர் அட்டையை வாங்கி ஒவ்வொரு பெருக்கலையும் உதட்டசைத்துப் போட்டுப் பார்த்தார். அப்புறம் அரவிந்தைக் கூப்பிட்டு, அட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அரவிந்த் கேட்டான்: "ஸ்டார்ட்ல எத்தன பேர் தாண்டுவாங்க?"

"மூணு, நாலு பேரு" என்றேன் நான்.

"பெட்டி நிக்குமா?"

"நிக்கும்."

"அப்ப போதும். மீதிய நான் பாத்துக்கறேன்" என்று போய்விட்டான்.

பன்னிரண்டு இருபதுக்குப் பின்மூடியின் கடைசி போல்ட்டை இறுக்கினோம். பத்துப் பல் ஜோடியின் தடத்தை இந்த முறை ஜெபராஜ் எடுத்தான், சரியான முகத்தில். அவன் கையெழுத்துப் போட்டான். சரிபார்த்தவர் இடத்தில் முதலாளி போட்டார். அண்ணாச்சி பேனாவைத் தொடவே இல்லை.

சொன்னபடியே நடந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் எங்கள் கார் மூச்சுத் திணறிக் கிளம்பியது, மூன்றாவது ஏழாவது ஆனது. அதற்கப்புறம் நேர்ப்பாதை வரும்போதெல்லாம் நான் சுவரோரம் நின்று என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டேன். சரியாக பிரேக் அடிக்கிற இடத்தில் உச்சத்தைத் தொட்டது, ஒவ்வொரு சுற்றிலும். ஏழு ஆறானது, ஐந்தானது. கடைசிச் சுற்றில் நான்கு. பரிசு மேடையில் ஏற ஓர் இடம் குறைவு. அரவிந்த் இறங்கி வந்து என் கையில் இருந்த துணியை வாங்கி முகத்தைத் துடைத்தான். எண்ணெய்த் துணி அது. "மேல மூணும் தேன் மாதிரி இருந்துச்சுக்கா" என்றான் கறுத்த முகத்தோடு.

பட்டறைக்குத் திரும்பிய பிறகு, கழற்றிய ஒன்பது பல் ஜோடியை அதே ஷிம்களோடு வெற்றுப் பெட்டி ஒன்றில் வைத்து, சரியான முகத்தில் பசை தடவிப் பார்த்தோம். தடம் வெளிமுனையில், பல்லின் உச்சி விளிம்பில், நகக்கீறல் அகலத்துக்கு விழுந்திருந்தது. முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, "ஓடியிருக்குமா?" என்றார்.

"ஓடியிருக்கலாம் சார். முழு ரேஸும் ஓடியிருக்கலாம். மூணாவது சுத்துலயே மவுத்தாயிருக்கலாம். அந்தப் பையன உக்கார வச்சு அதக் கண்டுபிடிக்க எனக்கு ஆச இல்ல" என்றார் திவான் அண்ணாச்சி.

பிறகு முதலாளி முன்னிலையிலேயே சொன்னார்: "மூணு ரேஸுக்குக் கனி கையெழுத்துப் போடக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். எதிர்பார்த்ததுதான்.

"நானும் போட மாட்டேன்."

"திவான், நீங்க தலைமை மெக்கானிக்" என்றார் முதலாளி.

"பாத்துக் கையெழுத்துப் போட்டதும் நான்தான் சார். மூடுனவளுக்கு மூணுன்னா பாத்தவனுக்கும் மூணுதான்."

மூன்று பந்தயங்கள் அப்படியே நடந்தன, இரண்டாவது கையெழுத்தை முதலாளியே போட்டார். இருபது வருடத்துக்கும் மேல் பெட்டி மூடிய மனிதர், பெட்டியைத் தயார்செய்துவிட்டு, ஜெபராஜ் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். ஜெபராஜுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணாச்சி, இந்தத் தடம் கொஞ்சம் வெளிய இருக்க மாதிரி தெரியுதே" என்று வேண்டுமென்றே இழுப்பான். "நல்லாப் பாரும் வே. பொறுப்பான ஆளு நீரு" என்று இவர் சொல்லுவார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். நான் மட்டும் தரையைப் பார்ப்பேன். பெரிய இடத்தில் இருப்பவர்கள் பிழையைக் கீழே தள்ளிவிடுவதைத் தொழிற்சாலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். தன் பங்கை இப்படி அளந்து, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் எடுத்துக்கொண்ட மனிதரை அங்கேதான் பார்த்தேன்.

நான்காவது பந்தயத்துக்கு மறுபடி ஒன்பது பல் ஜோடி தேவைப்பட்டது. அண்ணாச்சி ஷிம் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். இந்த முறை நான்கு தடவை பிரித்தேன். தடம் அமைந்ததும் தள்ளுகிற முகத்தில் டேப் எடுத்து நோட்டில் ஒட்டினேன். பிறகு மறுமுகத்திலும் பசை தடவி, பினியனை எதிர்ப்பக்கம் சுற்றி, இன்னொரு டேப் எடுத்து அதன் பக்கத்திலேயே ஒட்டினேன். ஒன்றில் அம்பு இடது, ஒன்றில் வலது.

"ரெண்டு எதுக்கு? ஒண்ணுதான வழக்கம்" என்றார்.

"ஒண்ணு எனக்குப் பத்தல அண்ணாச்சி. பக்கத்துலயே இன்னொண்ணு இருந்தாத்தான் எது எதுன்னு கண்ணுக்குத் தெரியும். நாளைக்கு வேற யாரு வந்து மூடுனாலும் தெரியும்."

அவர் நோட்டை வாங்கினார். அளவுகோலை எடுத்து, அந்தப் பக்கத்திலும் அடுத்து வந்த வெற்றுப் பக்கங்கள் எல்லாவற்றிலும், கடைசித் தாள்வரை, நடுவில் ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் "தள்ளுவது" என்றும் வலப்பக்கம் "விடுவது" என்றும் பெரிய எழுத்தில் எழுதினார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு பேனாவை என்னிடம் கொடுத்து, நான் போடும்வரை காத்திருந்து, எனக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.